‘ம்’ என்றால் ‘ஓம்’

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நிபோங் திபால் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும் படித்ததுதான். எழுதும்போது ஒற்று விட்டுப்போகும். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது மாறிப்போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நூல்நிலையத்தில் தமிழ்ப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற பெண், “உங்களுக்குப் பழக்கமான ஒருத்தரப் பத்தி எழுதுங்க ஆன்ட்டி. நல்லவங்களா இருந்தாலும் சரி, கெட்டவங்களா இருந்தாலும் சரி” என்று சொன்னாள். நான் எழுதப்போகிறவர் அந்த இரண்டில் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் தங்கச்சி சரசு திருடி இல்லை என்பது மட்டும் தெரியும். அவளுக்கு அந்தப் பெயர் அவர் வாயால் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கோர்ட்டின் பெயரும் வேண்டாம். ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு கோர்ட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே கூட்டித் துடைப்பேன், தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பேன். அவர் மொழிபெயர்த்துச் சொல்கிற வேலையில் இருந்தார். தமிழில் பேசுவதை மாஜிஸ்திரேட்டுக்கு மலாயில் சொல்ல வேண்டும், மாஜிஸ்திரேட் பேசுவதைக் கூண்டில் நிற்கிறவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவர்களை இங்கே கிராணி என்பார்கள், அதனால் நாங்கள் கிராணி ஐயா என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா காலத்திலேயே வந்து ரயில்வேயில் இருந்தவர்களாம். இங்கேயே பிறந்திருந்தும் அவர் பேச்சில் அந்த ஊர் போகவில்லை. நாம் ‘ஆமா’ என்போம், அவர் ‘ஓம்’ என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதிரில் இருப்பவர் பேசப் பேச அவருடைய உதடும் அசையும். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் தன் வாயையும் சேர்த்துத் திறப்பாளே, அந்த மாதிரி. பேசுகிறவர் கொஞ்சம் தயங்கினால் போதும், மிச்சத்தை அவரே சொல்லி முடித்துவிடுவார்.

பேச வராத எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. கதவருகில் போய் நிற்பேன்.

“ஐயா, நாளைக்கு…”

“லீவு வேணும். கொம்மாவுக்குக் கால் வீக்கம் இறங்கேல்லை. போட்டு வாரும் பிள்ளை, நான் பெரியவரிட்டச் சொல்லுறன்.”

அம்மாவின் கால் வீங்கினதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. எப்படித்தான் தெரியுமோ. பத்துத் தடவை சொன்னால் ஒன்பது தடவை சரியாக இருக்கும். மேலதிகாரியிடம் நான் வாயைத் திறக்காமலே எனக்குச் சம்பளம் கூட்டி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நான் சாமி கும்பிடும்போது அவரையும் நினைத்துக் கும்பிட்ட காலம் உண்டு.

பியூன் முத்தண்ணன் அவரை வைத்துத் தமாஷ் பண்ணுவார். “கிராணி ஐயா முன்னால தும்மக் கூடாதுலா. ‘அச்’சு மட்டும்தான் நம்மளது. மிச்சத்த அவரே தும்மிருவாரு.”

ஒருநாள் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். அடையாளக் கார்டில் பெயர் தப்பாக இருந்தது. அதற்குச் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்க வந்திருந்தார்கள். ஐயா கேட்டுச் சொல்ல, தட்டெழுத்துக்காரப் பெண் அடித்துக்கொண்டு வந்தாள். “எங்க வூட்டுக்காரரு…” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எச்சில் விழுங்கினார்கள்.

“காலமாகிட்டார்” என்றார் ஐயா. அந்தப் பெண் அதையும் அடித்துவிட்டாள்.

“இல்லைங்க சாமி, வெளிய மோட்டார்சைக்கிள்கிட்ட நிக்கிறாரு. கூப்பிடவா?”

எல்லாரும் சிரித்தோம். ஐயாவும் சிரித்தார். பிறகு அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். தப்பு தாளில் இருக்கிறதா அந்த அம்மாவிடம் இருக்கிறதா என்று அவர் யோசிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அவர் தாளைக் கிழித்துப் புதிதாக அடிக்கச் சொன்னார்.

கம்ப்யூட்டர் பிறகு வந்தது. தொண்ணூறுகளில் இருக்கும். படித்து முடித்த கையோடு சின்ன வயதுப் பிள்ளைகள் மாஜிஸ்திரேட்டாக வந்துகொண்டிருந்தார்கள். வழக்குகள் மலை மாதிரி கிடந்தன. ஐயாவின் மருமகன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். மாமனாரும் மருமகனும் சேர்ந்து ஒரு விளையாட்டுச் செய்தார்கள். விளையாட்டு என்றுதான் முத்தண்ணனும் நானும் சொல்வோம். ஐயாவுக்குக் கோபம் வரும்.

“டாக்குத்தர்மார் செத்த உடம்பிலதான் முதல் படிக்கினம். பிளேன் ஓட்டுறவை பொம்மைப் பிளேனிலதான் படிக்கினம். நீதிபதிமார் மட்டும் உயிருள்ள சனத்தில பழகிப் படிக்கிறதோ? இதில எத்தினை பிழையும் விடலாம். ஒருத்தருக்கும் நோகாது” என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. இப்பவும் நியாயமாகத்தான் படுகிறது.

பழைய சாமான் போட்டு வைத்த அறையைக் காலி பண்ணி அந்தப் பெட்டியை வைத்தார்கள். திரையில் ஒரு கோர்ட்டு தெரியும். கூண்டில் கொண்டை போட்ட ஒரு பொம்பளை உருவம் நிற்கும். புதிதாக வந்த மாஜிஸ்திரேட்டோ மொழிபெயர்க்கப் பழகுகிறவரோ முன்னால் உட்காருவார். பெட்டி குற்றத்தை வாசிக்கும். உருவம் பதில் சொல்லும். உட்கார்ந்திருப்பவர் கீபோர்டில் கட்டையைத் தட்ட வேண்டும். ஒத்துக்கொண்டாள் என்பதற்கு ஒரு கட்டை. மறுக்கிறாள் என்பதற்கு ஒன்று. மறுபடி கேள் என்பதற்கு ஒன்று. சரியாகத் தட்டினால் மணி அடிக்கும், பாயிண்டு ஏறும். ஒத்துக்கொண்டாள் என்று தட்டினால் அந்த உருவம் தலையைக் குனியும்.

அந்த உருவத்துக்குக் குரல் வேண்டும் என்று ஐயா என்னைத்தான் கூப்பிட்டார்.

“இஞ்ச வாரும் பிள்ளை. நீர் கடையில பால் டின் களவெடுத்தனீர் எண்டு வைப்பம். கூண்டில நிக்கிறீர். நான் வாசிக்கிறன், நீர் உம்மட பாட்டில கதையும்.”

மருமகன் என் வாய்க்கு முன்னால் மைக்கை வைத்தார். ஐயா வாசித்தார். இந்தத் தேதியில், இந்தக் கடையில், இந்தச் சாமானை என்று நீளமாகப் போனது. ஒவ்வொரு இடத்திலும் அவர் நிறுத்த, நான் ‘ம்’ என்றேன். முழுதாகக் கேட்டுவிட்டுப் பிறகு பேசலாம் என்று இருந்தேன். இன்னொரு தடவை நிறுத்தினார். ‘ம்’ என்றேன்.

“காணும், இவ்வளவும் போதும். வடிவா வந்திட்டுது” என்று மைக்கை எடுக்கச் சொன்னார்.

“இல்லைங்கய்யா, நான் இன்னும்…”

“கதைக்கத் தொடங்கேல்லை. தெரியும். தேவையில்லை.”

அதற்குப் பிறகு அந்த அறைக்கு வெளியே கூட்டும்போதெல்லாம் என் குரல் கேட்கும். ‘ம்.’ மணி அடிக்கும். சிரிப்புச் சத்தம். திரும்ப ‘ம்.’ திரும்ப மணி. நான் எடுக்காத பால் டின்னுக்கு நான் உள்ளே தலை குனிந்துகொண்டே இருந்தேன். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் பார்த்தால் இரண்டு கட்டைகளுக்குத்தான் வேலை இருந்தது. ‘மறுபடி கேள்’ இல்லை. “அதைத் தட்டினா நேரம் போகுது, பாயிண்டு குறையுது. ஒருத்தரும் தொடுறேல்லை. வீணா ஏன்?” என்று மருமகனிடம் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி வைக்கிற சாக்கில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

“ஐயா, அந்த ‘ம்’…”

“உம்மட குரல் நல்லாத்தான் இருக்கு. வெக்கப்படாதையும்.”

“அது இல்லைங்கய்யா. எங்க பக்கம் ‘ம்’னா…”

“ஓம் எண்டுதான் அர்த்தம். எங்கட பக்கமும் அதுதான்.”

முத்தண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் பயம் கிடையாது. நேராகவே போய்ப் பேசினார்.

“ஐயா, எஸ்டேட்டு ஆளுங்க ‘ம்’முன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு இல்ல. சொல்லு, காதுல வுழுதுன்னு அர்த்தம். கத சொல்லும்போது எதுக்கால உள்ளவன் ‘ம்’ கொட்டலன்னா தூங்கிட்டான்னு நிறுத்திருவோம். நீங்க பாட்டுக்கு அதப் போயி எழுதிட்டீங்கன்னா பாதித் தோட்டம் உள்ள போயிரும்லா.”

ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு முத்தண்ணனைப் பிடிக்கும். “சரி, அப்ப ‘இல்லை’ எண்டதுக்கு என்ன சத்தம் போடுவீங்கள்?”

முத்தண்ணன் தலையைச் சொறிந்தார். “பெரியவங்க முன்னாலயா? ‘இல்ல’ங்கறதுக்குச் சத்தமே கெடையாது, பேசாம இருப்போம் ஐயா.”

“பாத்தீரே. அப்ப ‘ம்’ எண்டா ஓம்தானே.”

முத்தண்ணன் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக்குப் போய் அன்று முழுவதும் யோசித்தேன். நம்ம ஆட்கள் அப்படித்தானே இருக்கிறோம்.

அதற்கப்புறம் நிஜக் கோர்ட்டும் மாற ஆரம்பித்தது. நான் பின்னால் தண்ணீர்க் கூஜா நிரப்பப் போகும்போது பார்ப்பேன். முன்பெல்லாம் மாஜிஸ்திரேட்டு கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது கண் மேசையில் இருக்கும். வலது கை விரல் மேசையைத் தட்டும். ‘ம்’ என்று சத்தம் வந்தால் டக். அடுத்த வழக்கு. மொழிபெயர்க்க வந்த பையன்களும் ஐயாவைப் போலவே உதட்டை அசைக்கப் பழகியிருந்தார்கள். வழக்குகள் சீக்கிரம் முடிந்தன. மேலிடத்துப் பெரியவர்கள் வந்து பாராட்டினார்கள். விளையாட்டைக் கம்ப்யூட்டரில் போடுகிற சின்னத் தட்டுகளில் நகல் எடுத்து வேறு ஊர்களுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சரசுவுக்கு அப்படி ஆனது. சரசு என்னைவிட இளையவள், என்னோடுதான் இருந்தாள். ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டில் சமையலுக்கும் துணி துவைக்கவும் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு தங்கச் சங்கிலி காணவில்லை. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. சரசு என்னைவிடப் பேசாதவள். “நீ எடுத்தியாடி?” என்று நான் கேட்டேன். “அந்த ரூம்பு பக்கமே நான் போறதில்லக்கா. அங்க நாய் இருக்கு” என்றாள். அதைப் போய் யாரிடமாவது சொன்னாயா என்றால், “யாரும் கேக்கல” என்றாள்.

எங்கள் கோர்ட்டிலேயே வழக்கு வந்தது. வக்கீல் வைக்க வசதி இல்லை. ஐயாவிடம் போய் நின்றேன். “ஐயா, என் தங்கச்சி…”

“தெரியும் பிள்ளை, கேள்விப்பட்டனான். பயப்பிடாதையும். பொடியன் வேண்டாம், நானே போய் நிண்டு சொல்லுறன்.”

எனக்கு உயிர் வந்தது. சரசுவுக்குத் தலை வாரிவிட்டு, “ஐயா இருக்காரு, கேக்கும்போது நல்லாக் கேளு, பதற்றப்படாம சொல்லு” என்று அனுப்பினேன்.

அன்று இருந்த மாஜிஸ்திரேட்டு சின்ன வயதுப் பெண். தங்கமான பிள்ளை, என் தேத்தண்ணிக்கு நன்றி சொல்லாமல் குடிக்க மாட்டாள். குற்றத்தை மலாயில் வாசித்தார்கள். ஐயா அதைத் தமிழில் சொன்னார். சரசு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐயாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லி அனுப்பியது போல நன்றாகக் கேட்டாள்.

“…எண்ட முகவரியில உள்ள வீட்டில வேலை செய்யேக்குள்ள…”

“ம்.”

“…அந்த வீட்டு அம்மாவின்ர தங்கச் சங்கிலியைக் களவெடுத்தீர் எண்டு…”

“ம்.”

“…உம்மேல குற்றம் சாட்டியிருக்கினம். விளங்குதோ?”

“ம்.”

“குற்றத்தை ஒப்புக்கொள்ளுறீரோ…” என்று சொல்லி ஐயா மூச்சு எடுத்தார். ‘இல்லையோ’ என்று இன்னொரு சொல் வர வேண்டும். அந்த மூச்சுக்குள்ளே சரசு ‘ம்’ என்றுவிட்டாள்.

ஐயா மாஜிஸ்திரேட்டின் பக்கம் திரும்பினார். “மெங்காக்கு சாலா” என்றார். ஒத்துக்கொள்கிறாள்.

மேசையில் விரல் தட்டியது.

முறைப்படி இன்னொரு தடவையும் கேட்டார்கள். “தண்டனை கிடைக்கும் எண்டு விளங்கித்தான் சொல்லுறீரோ?” சரசு, “ம்” என்றாள். கோர்ட்டு முறை ஒன்றும் விட்டுப்போகவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

நான் பின்னால் கூஜாவோடு நின்றிருந்தேன். நான் எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை.

“ஐயா, அவ கேட்டுக்கிட்டுதான் இருக்கா…”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒத்துக்கலை, காதால கேட்டுக்கிட்டுதான் இருக்கா என்று சொல்ல வந்தேன். அத்தனை முகத்தையும் பார்த்ததும் மிச்சம் வரவில்லை. ஐயாவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

மாஜிஸ்திரேட்டு, அந்த அம்மா என்ன சொன்னாங்க என்று மலாயில் கேட்டாள். ஐயா மலாயில் சொன்னார். எனக்குப் பாசாரில் மீன், காய்கறி வாங்கப் பேசுகிற மலாய்தான் தெரியும். ஆனால் அது விளங்கியது. “இது இவளுடைய அக்கா. இவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், தண்டனையைக் குறைக்கும்படி கேட்கிறாள் என்று சொல்கிறார்” என்றார்.

காதால் கேட்பதும் கேட்பதுதான், கையேந்திக் கேட்பதும் கேட்பதுதான். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே இருக்கிறது.

அந்த மாஜிஸ்திரேட்டுப் பெண் என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையசைத்தாள். ஜெயில் இல்லை, நன்னடத்தைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தீர்ப்பானது.

வராந்தாவில் ஐயா சந்தோஷமாக வந்தார். “ஜெயில் இல்லைப் பிள்ளை. நீர் சொன்ன அந்த ஒரு சொல்லுதான் காப்பாத்தினது.”

“அவ எடுக்கலைங்கய்யா” என்றேன். அவரிடம் நான் முழுதாகச் சொல்லி முடித்த முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசையவில்லை. “களைச்சுப்போனீர். வீட்ட போய்ப் படும்” என்றார்.

பஸ்ஸில் சரசு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொம்தார் கட்டடம் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள்: “நம்மகிட்ட எப்பக்கா கேப்பாங்க?”

இன்னும் விசாரணை தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஐயா மறுபடியும் என்னை அந்த அறைக்குக் கூப்பிட்டார். மருமகன் மைக்கோடு இருந்தார். “உம்மட தங்கச்சியின்ர வழக்கு நல்ல பாடம் பிள்ளை. குடும்பத்தில ஒருத்தர் மன்னிப்புக் கேட்டா நீதிபதி எப்பிடி எடுக்கோணும் எண்டு படிக்கட்டும். அண்டைக்குச் சொன்னதை ஒருக்காச் சொல்லும்.”

நான் மைக்குக்கு முன்னால் நின்றேன். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். ‘ம்’ கூட வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஐயா காத்திருந்தார். அவருக்கு நெற்றியில் வியர்த்தது. பேசாமல் ஒருவர் நிற்பதை அவரால் தாங்க முடியாது. கடைசியில் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். தொண்டையைச் சின்னதாக்கிக்கொண்டு, “ஐயா, அவ கேட்டுக்கிட்டுதான் இருக்கா. மன்னிச்சிருங்க” என்றார். அச்சு அசல் என் குரல். அவருக்கு வராத எங்கள் தோட்டத்துப் பேச்சு. மருமகன் சிரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டேன்.

ஐயா ஓய்வு பெற்று மகளோடு ஆஸ்திரேலியா போனதாகச் சொன்னார்கள். இப்போது இருக்கிறாரா தெரியாது. சரசுவை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை. மாக் மண்டினில் ஒரு ஃபேக்டரியில் எடுத்துவிட்டு, கேஸ் இருப்பது தெரிந்து மறுநாளே அனுப்பிவிட்டார்கள். நிபோங் திபாலுக்கே போய்விட்டாள். போனில் பேசினால் அவள் ‘ம்’ கொட்டுவதில்லை. நான் பேசுவது விழுகிறதா, லைன் அறுந்துவிட்டதா என்று தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பேன்.

ஆயர் ஈத்தாம் வீடு என்று எழுதியிருக்கிறேன், ஃபார்லிம் பக்கமாகவும் இருக்கலாம். மாஜிஸ்திரேட்டு சொன்ன தீர்ப்பின் சரியான பெயரும் எனக்குத் தெரியாது. இதையெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தத் தட்டுகள் எந்தெந்த ஊருக்குப் போயின, இப்போதும் யாராவது அதில் படிக்கிறார்களா என்று தெரியவில்லை. எங்கேயாவது இருந்தால் போட்டுக் கேளுங்கள். பால் டின் வழக்கில் ‘ம்’ என்பது நான்தான். அடுத்த பாடத்தில் மன்னிப்புக் கேட்கிற பொம்பளை நான் இல்லை.